ஐந்து மாதக் குழந்தைக்குக் கூழ் ஊட்டலாமா, தேன் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். நாங்கள் சாப்பிடும்போது எங்கள் வாயையே பார்க்கிறான். ‘பிள்ளை ஏங்குது, கேழ்வரகுக் கூழ் ஊட்டு’ என்கிறார் அம்மா. மாமியார் போன வாரம் அவன் நாக்கில் கொஞ்சம் தேன் தடவிவிட்டார். பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கவும் சொல்கிறார். எப்போது, எதில் தொடங்குவது? இனிப்பு எப்போது கொடுக்கலாம்?
- வாசகி, விருதுநகர்

மருத்துவர் பதில்: வாயைப் பார்ப்பது நல்ல அறிகுறிதான், ஆனால் அது மட்டும் போதாது. தலை ஆடாமல் நிற்க வேண்டும். பிடித்து உட்காரவைத்தால் உட்கார வேண்டும். ஸ்பூனை வாயில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்க வேண்டும். இதெல்லாம் பெரும்பாலும் ஆறாம் மாத வாக்கில்தான் கூடி வரும். அதனால் 180 நாள் முடியட்டும். அதுவரை தண்ணீர்கூட வேண்டாம், உங்கள் ஊர் வெயிலிலும்தான். குறைமாதத்தில் பிறந்தவன் என்றால் மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டு நாளை முடிவு செய்யுங்கள்.

அதற்காக ரொம்பவும் தள்ளிப்போடக் கூடாது. குலதெய்வக் கோயிலில் முதல் சோறு ஊட்டுவதாக வேண்டிக்கொண்டு எட்டு, ஒன்பது மாதம் வரை காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். கருவில் சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் தீரத் தொடங்கிவிடும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. வீட்டில் ஊட்டத் தொடங்கிவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

அம்மா சொல்லும் கேழ்வரகுக் கூழ் நல்ல தொடக்கம். பருப்பும் அரிசியும் குழைய வேகவைத்து, ஒரு சொட்டு நெய் விட்டு மசித்தும் தரலாம். ஆனால் கெட்டியாக இருக்க வேண்டும். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகி ஓடக் கூடாது. பருப்புத் தண்ணி, கஞ்சித் தண்ணி என்று வடித்துக் கொடுப்பதில் வயிறுதான் நிறையும், சத்து சேராது. குழந்தையின் வயிறு சின்னது, அதைத் தண்ணீரால் நிரப்பலாமா? முதலில் நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு மூன்று ஸ்பூன். பிறகு மெல்லக் கூட்டுங்கள். எட்டு மாதம் வாக்கில் மிக்ஸியை ஓரங்கட்டிவிட்டுக் கையால் மசியுங்கள். தாய்ப்பால் இரண்டு வயது வரை தொடரட்டும்.

முட்டை, மீன், கீரை எல்லாம் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். முட்டையை நன்றாக வேகவையுங்கள். மீனில் முள் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். முழு வேர்க்கடலை மட்டும் கூடவே கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும்.

அடுத்து இனிப்பு. சர்க்கரை இரண்டு வயது வரை வேண்டாம். ‘வெள்ளைச் சர்க்கரைதானே கெட்டது, கருப்பட்டி போட்டால் என்ன?’ என்று கேட்பார்கள். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாம் இந்த விஷயத்தில் ஒரே குடும்பம்தான். இனிப்பை எந்தக் குழந்தைக்கும் பழக்கவே தேவையில்லை, தாய்ப்பாலே இனிப்புதான். கீரையும் பருப்பும்தான் பழக வேண்டியவை. முதல் தடவை துப்புவான். எட்டுப் பத்து தடவை கொடுத்துப் பார்க்காமல் ‘பிடிக்கலை’ என்று முடிவுகட்டாதீர்கள். முதல் பிறந்தநாளில் விரல் நுனியளவு கேக்கை நக்கினால் குடி மூழ்கிவிடாது, தினப்படி ஆக்காதவரை சரி. இனிப்பாக ஏதாவது ஊட்டத்தான் வேண்டும் என்று மாமியார் நினைத்தால், ஆறு மாதம் ஆனதும் மசித்த வாழைப்பழத்தையும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். உப்பும் ஒரு வயது வரை தேவையில்லை.

பிஸ்கட் பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும்தான். அது ஊறியிருக்கும் பசும்பாலையும் ஒரு வயதுக்கு முன் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

தேன்தான் இவற்றில் ஆபத்தானது. ஒரு வயதுக்குள் ஒரு துளிகூடக் கூடாது. கலப்படமில்லாத மலைத்தேனாக இருந்தாலும் அதில் ‘குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம்’ என்ற கிருமியின் விதைகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைக்காது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சைச் சுரக்கும். இந்த நோய் அபூர்வம்தான். ஒரு முறை தடவிய எல்லாக் குழந்தைக்கும் வந்துவிடாது. அதனால் மாமியாரோடு சண்டை வேண்டாம், பாட்டிலை மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள். தேன் தடவிய நாளிலிருந்து ஒரு மாதம் மட்டும் கவனியுங்கள்: புதிதாக மலச்சிக்கல், அழுகுரல் மெலிவது, பால் உறிஞ்சத் திணறுவது, இமை தொங்குவது, கழுத்து துவளுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தேன் கொடுத்ததை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.