பின்கட்டுக்கு வைஃபை எட்டவில்லையா? பூஸ்டர் வாங்குவதற்கு முன் படியுங்கள்

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. திண்ணையிலிருந்து கொல்லை வரை ஏறக்குறைய 90 அடி நீளம். சுவர்கள் ஒன்றரை அடிக் கனம். ரூட்டர் ரேழியில் இருக்கிறது. முற்றத்தைத் தாண்டிய பின்கட்டு அறையில்தான் மருமகள் அலுவலக வேலை பார்க்கிறார். அங்கே வீடியோ அழைப்பு அடிக்கடி நின்றுபோகிறது. 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக உயர்த்தினால் சரியாகிவிடும் என்கிறார் இணைப்புக் கொடுத்த முகவர். இல்லாவிட்டால், வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பிப் பரப்பும் பூஸ்டர் ஒன்று தன்னிடமே இருக்கிறது என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். முதலில், செலவே இல்லாத ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். செல்பேசியுடன் ரூட்டருக்கு நான்கடி தூரத்தில் நின்று வேகத்தை அளந்து, அதே செல்பேசியைப் பின்கட்டுக்கு எடுத்துச் சென்று மறுபடியும் அளந்து, இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரூட்டர் அருகில் 90-ஐ ஒட்டியும் பின்கட்டில் நான்கைந்தும் வந்தால், முகவர் தர வேண்டிய வேகம் உங்கள் வாசல் வரை ஒழுங்காக வந்துவிட்டது. அது காணாமல் போவது உங்கள் வீட்டுச் சுவர்களுக்குள்தான். அப்படியிருக்க 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் ரேழியில் 300 வரும். பின்கட்டில் அதே நான்கைந்துதான் வரும். மாதாமாதம் கூடுதல் பணம் கட்டி ரேழிக்கு வேகம் வாங்கிக் கொடுப்பதில் யாருக்கு லாபம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ரூட்டர் அருகிலேயே வேகம் குறைவாக இருந்தால் மட்டும் இணைப்பு நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். யாரும் வீட்டுப் படி ஏறாமலேயே, மாலைக்குள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துவிடும். மனம் தளராமல் மறுநாளும் கொடுங்கள். மூன்றாவது புகாருக்கு யாராவது வருவார்கள். மாதக் கட்டணத்தைத் தேதி தவறாமல் வசூலிக்கத் தெரிந்தவர்களுக்கு, வந்து பார்த்த பிறகு புகாரை முடிக்க வேண்டும் என்பது மட்டும் ஏன் தெரிவதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இனி சுவருக்கு வருவோம். உங்கள் ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனமான சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, சற்றுத் தூரம் ஊடுருவும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள் மூன்றைக் கடந்து செல்வது இரண்டுக்குமே கடினம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஊறிய சுவர் இன்னும் அதிகமாக விழுங்கும். இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ரூட்டரை ரேழியிலிருந்து கூடத்துக்கு, ஆள் உயரத்துக்கு மேல் மாற்றி வைத்தால் ஒரு சுவர் மிச்சமாகும். சிறிய வீடாக இருந்தால் அதோடு பிரச்சினை முடிந்துவிடும். உங்கள் வீட்டுக்கு அது போதாது.

பூஸ்டர் ஏன் வேண்டாம் என்பதை கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் பார்த்த ஒரு வீட்டைக் கொண்டே சொல்கிறேன். படுக்கையறையில் சிக்னல் இல்லை என்று, அந்த அறையிலேயே, பீரோவுக்குப் பக்கத்து பிளக்கில் ஒரு பூஸ்டரைச் செருகிவிட்டுப் போயிருந்தார் விற்றவர். செல்பேசியில் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிந்தன. வீட்டுக்காரரும் மகிழ்ந்து பணம் கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு படம்கூட ஓடவில்லை. அந்தக் கோடுகள் காட்டுவது செல்பேசிக்கும் பூஸ்டருக்கும் இடையிலுள்ள நெருக்கத்தை மட்டுமே. ரூட்டரிலிருந்து பூஸ்டருக்கே ஒழுங்காக எதுவும் வந்து சேராதபோது, அது எதை எடுத்துப் பரப்பும்? போதாக்குறைக்கு, மலிவான பூஸ்டர் ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால், கிடைக்கும் வேகத்திலும் பாதி போய்விடும். எட்டு ஆண்டெனா வைத்த ரூட்டரும் தீர்வல்ல. ரூட்டர் உரக்கக் கத்தலாம், ஆனால் பின்கட்டிலிருந்து செல்பேசி சொல்லும் பதில் மெல்லிய குரலில்தானே வர வேண்டும்?

உங்கள் வீட்டுக்கு உரிய தீர்வு ஒரே ஒரு கம்பிதான். ரேழியிலிருந்து முற்றத்தின் ஓரமாகப் பின்கட்டு வரை ‘கேட் 6’ என்ற வகை இணையக் கேபிள் ஒன்றை பிவிசி பைப்புக்குள் இழுத்து, அதன் மறுமுனையில் இன்னொரு ரூட்டரை வையுங்கள். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுசெல்லும். உங்களுக்கு 35 மீட்டர் தாராளம். மின்கம்பி போகும் பைப்பிலேயே இதையும் சேர்த்துத் திணிக்க எலக்ட்ரீஷியன் முயல்வார், கண்டிப்பாக அனுமதிக்காதீர்கள்.

இங்கேதான் பெரிய ஏமாற்று நடக்கிறது. செம்பு என்று சொல்லி, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிளைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். கடையிலேயே ஒரு துண்டை வாங்கி, மேலுறையை நீக்கி, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி ஒன்றை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். அடி வரை சிவப்பாக இருந்தால் செம்பு. மேலே சிவப்பும் உள்ளே வெள்ளையுமாக இருந்தால் அலுமினியம். அலுமினியம் வளைத்தால் எளிதில் முறியும்; கடற்கரை ஊரின் உப்புக்காற்றில், முனை இணைப்புகள் சீக்கிரமே பூத்துப்போகும். சுரண்டிப் பார்க்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னால், உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது என்று எழுந்து வந்துவிடுங்கள்.

பின்கட்டில் வைக்கும் ரூட்டர் புதிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பரணில் கிடக்கும் பழைய ரூட்டரே போதும். அதில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற நிலை, அதாவது கம்பியில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் நிலை, இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் முன்கட்டு ரூட்டருக்கு வைத்தவையாகவே இருக்கட்டும்; 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றை 1-ஆம் சேனலிலும் மற்றதை 11-ஆம் சேனலிலும் வைத்தால் ஒன்றோடொன்று மோதாது. இந்த அமைப்புகளுக்குள் நுழைய ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் தேவை. அதை முகவர் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் ‘சர்வீஸ் சார்ஜ்’ கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பூஸ்டரே கூடாது என்று நான் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும்போது, பைப் பதிப்பது நடக்காத காரியம். அவர்கள் பூஸ்டர் வாங்கலாம். ஆனால் இரண்டு அலைவரிசைகளிலும் இயங்குவதாகப் பார்த்து வாங்கி, சிக்னல் இல்லாத அறையில் வைக்காமல், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் கடைசி இடத்தில், அதாவது ஏறக்குறைய பாதி வழியில் வைக்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, சிக்னல் அளவை எண்ணில் காட்டும் இலவசச் செயலி ஒன்றைச் செல்பேசியில் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். கழித்தல் 60-ஐ ஒட்டிய இடம் பொருத்தமானது. கழித்தல் 75-ஐயும் தாண்டி 80, 85 என்று போய்விட்டால் அங்கே வைத்துப் பயனில்லை. ‘மெஷ்’ என்று, ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் இரண்டு மூன்று பெட்டிகளாக விற்பதும், கம்பியில்லாமல் வைத்தால், பெரும்பாலும் இதே கதைதான், விலைதான் அதிகம். உங்களுடையது சொந்த வீடு என்பதால் இந்தச் சங்கடம் எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகும் மருமகளின் மடிக்கணினி பழைய பழக்கத்தில் ரேழி ரூட்டரையே பிடித்துக்கொண்டிருக்கலாம். வைஃபையை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் அருகிலுள்ளதைப் பற்றிக்கொள்ளும். அவர் ஒரே மேசையில் அமர்ந்து வேலை பார்ப்பவர் என்றால், பின்கட்டு ரூட்டரின் லேன் துளையிலிருந்து இரண்டு மீட்டர் கேபிளை நேராக மடிக்கணினியில் செருகிவிடச் சொல்லுங்கள். வீடியோ அழைப்புக்கு வைஃபையே தேவைப்படாது.