சால்வைக்கு முன்னால் ஒரு பக்கம் எழுதுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து இந்தப் பொங்கலுக்கு ஊருக்காக உழைத்த ஒருவரைக் கௌரவிக்கப் போகிறோம். பாதிப்பேர் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் என்கிறார்கள். நானும் சிலரும் நாற்பது வருஷமாக நடவுக்கு ஆள் கூட்டிப்போகிற ஒரு அம்மாவைச் சொல்கிறோம். பதவியே இல்லாதவரை எப்படித் தலைவர் என்பது என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?
- வாசகர், மேலூர்

பதில்: யோசிக்கவே வேண்டாம், அந்த அம்மாவுக்குச் செய்யுங்கள். கேட்கிறவர்களிடம் உங்கள் மாவட்டத்துப் பில்லுச்சேரி சின்னப்பிள்ளையைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகாதவர், கூலி வேலைக்குப் போனவர். வயலுக்காரரிடம் வேலையைப் பேசி, ஆள் சேர்த்து, கூலியை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற கொத்துத் தலைவி. கந்துவட்டியில் மாட்டிக் கிடந்த பெண்களைக் களஞ்சியம் சிறுசேமிப்புக் குழுக்களில் சேர்க்க ஊர் ஊராக நடந்தார். 2001 ஜனவரியில் டெல்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினாரே, அவர்தான். 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. அப்படியும் தனக்குச் சொந்த வீடு இல்லை என்று 2024இல் அவரே சொல்லவேண்டி வந்தது, அதற்கப்புறம்தான் முதலமைச்சர் வீடு கட்டித்தர உத்தரவிட்டார். இதைப் படித்த அன்று எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் சொல்கிறேன், மேடை போடுவதற்கு முன்னால் உங்கள் ஊர் அம்மாவின் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கூரை ஒழுகுகிறதா, முதியோர் பென்ஷன் ஒழுங்காக வருகிறதா, கண் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஷீல்டுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.

இன்னொன்று. அவர் செய்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, விழாவில் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். ‘சமூகத் தொண்டாற்றிய’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யார் மனசிலும் நிற்காது. நெல் ஜெயராமன் என்றதும் 174 என்கிற எண்ணும் கூடவே வருகிறது பாருங்கள், அவர் மீட்டெடுத்த பாரம்பரிய நெல் ரகங்களின் எண்ணிக்கை அது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போனவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு, அப்படித்தான் அந்த விதைகள் ஊர் ஊராகப் பரவின. 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார், விதை இன்னும் முளைக்கிறது. உங்கள் ஊர் அம்மாவுக்கும் இப்படி ஏதாவது கணக்கு இருக்கும். எந்த வருஷம் கூலியை எவ்வளவு ஏற்றிக் கேட்டார், பிரசவம் ஆன பெண்ணுக்குப் பதிலாக யாரை அனுப்பினார் என்று கூட நடவு நட்டவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

கேள்வி: பத்மஸ்ரீ எல்லாம் செல்வாக்கு இருந்தால்தானே கிடைக்கும்? எங்கள் ஊர் விவசாயி ஒருவருக்கு முயற்சி செய்யலாமா?
- வாசகி, காரமடை

பதில்: தாராளமாகச் செய்யலாம். யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன் பெயரைத் தானே அனுப்பவும் விதி இடம் தருகிறது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், செய்த பணியை 800 சொற்களுக்குள் எழுத வேண்டும். இறந்தபின் பொதுவாகத் தருவதில்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள். இந்த விருதில் பணம் கிடையாது, அதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உயிர்ம வேளாண்மை செய்கிறவர் என்றால் தமிழக அரசின் நம்மாழ்வார் விருதுக்கும் முயலலாம்.

உங்கள் பக்கத்துத் தேக்கம்பட்டி பாப்பம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர், மளிகைக் கடை நடத்திச் சேர்த்த காசில் நிலம் வாங்கினார். முதுமையிலும் இரண்டரை ஏக்கரில் ரசாயனம் போடாமல் பயிர் செய்தார், பஞ்சாயத்தில் வார்டு உறுப்பினராகவும் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 105. மூன்று வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில் காலமானார். அவ்வளவு நாள் காத்திருக்க எல்லோருக்கும் ஆயுள் இருக்காது, இந்த வருஷமே எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: விவசாயிகளைக் கௌரவிக்கும் விழாக்களில் ஆண்களையே கூப்பிடுகிறார்களே, பெண்கள் உழைக்கவில்லையா?
- வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: உழைக்கிறார்கள். ஆனால் பட்டா ஆண் பேரில் இருக்கிறது, கடன் அட்டையும் அவர் பேரில்தான் இருக்கிறது, பட்டியல் எடுக்க வருகிறவர்கள் அந்தப் பெயரைத்தான் எழுதிக்கொண்டு போகிறார்கள். பல வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவுக்கு ஒரு விழாவில் சால்வை போட்டார்கள். அன்றைக்கும் அம்மா விடியற்காலையில் பால் கறந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மோட்டார் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார், கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்பா அந்தச் சால்வையோடு மேடையைவிட்டு இறங்கி நேராக அவரிடம் நடந்து போய், எல்லோரும் பார்க்க அவர் தோளில் போட்டார். அம்மா அதை வீட்டில் மடித்து வைத்திருக்கிறார், ஒருநாள்கூடப் போர்த்திக்கொண்டதில்லை. நீங்கள் விழா நடத்தினால் அழைப்பிதழில் இரண்டு பெயரையும் போடுங்கள், மேடையில் இரண்டு நாற்காலி போடுங்கள்.