பூச்சு வேலைக்கு மெயின் கான்ட்ராக்டர் ஏன் திரும்பக் கூப்பிடவில்லை?

கேள்வி: செங்கல்பட்டு பக்கம் பூச்சு வேலை எடுத்துச் செய்கிறேன். ஆறு கொத்தனார், எட்டு ஆள் என்று பதினான்கு பேர் என்னிடம் நிலையாக இருக்கிறார்கள். எட்டு வருடமாகத் தனி வீடுகள்தான். அபார்ட்மெண்ட் வேலைக்குப் போகலாம் என்று நான்கு கட்டுமானக் கம்பெனிகளில் கொட்டேஷன் கொடுத்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. ரேட்டைக் குறைத்துப் பார்க்கட்டுமா? லேபர் மட்டும் என்றில்லாமல் மெட்டீரியலோடு சேர்த்துக் கொடுத்தால் கிடைக்குமா?

பதில்: உங்கள் கொட்டேஷனையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். ஒரே பக்கம். மேலே பிள்ளையார் சுழி, நடுவில் "உள்பூச்சு சதுர அடி 25 ரூபாய், வெளிப்பூச்சு 34 ரூபாய், லேபர் மட்டும்", கீழே செல்போன் நம்பர். வீட்டுக்காரருக்கு இது போதும். அவர் உங்களை நேரில் பார்த்திருப்பார், பக்கத்துத் தெருவில் நீங்கள் பூசிய வீட்டையும் பார்த்திருப்பார்.

மெயின் கான்ட்ராக்டர் ஆபீஸில் இந்தத் தாளுக்கு என்ன ஆகிறது என்று சொல்கிறேன். பில்லிங்கிலும் கான்ட்ராக்ட்ஸ் பிரிவிலும் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். வந்த கொட்டேஷன்களை வரிசையாக வைத்து ஒரு இன்ஜினியர் கம்பேரிட்டிவ் ஷீட் போடுவார். மூன்று நான்கு பெயர்கள் மேலே, கேள்விகள் பக்கவாட்டில். சாரம் யாருடையது? கலவை மெஷின்? கலவையை மாடிக்கு ஏற்றுவது யார்? காங்கிரீட் பரப்பைக் கொத்திவிடுவது ரேட்டில் சேர்த்தியா? தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடிப்பது? ஜன்னல் ஓரம், க்ரூவ் (பூச்சில் விடும் காடி), ட்ரிப் மோல்டு (மழைநீர் சுவரில் வழியாமல் சொட்டிவிடும் விளிம்பு) எல்லாம் சதுர அடிக்குள்ளா, ரன்னிங் அடிக்குத் தனியா? தண்ணீர் காட்டுவது யார்? விழுந்த கலவையை அள்ளிக் கீழே இறக்குவது யார்? உங்கள் பெயருக்குக் கீழே அத்தனை கட்டமும் காலி. காலிக் கட்டத்தை அவர் தனக்குத் தோன்றிய ரூபாய் போட்டு நிரப்புவார், எப்போதும் கூட்டித்தான் போடுவார். இல்லையென்றால் உங்கள் தாளை அப்படியே அடியில் செருகிவிடுவார். 25 ரூபாயை 23 ஆக்கினாலும் அந்தக் கட்டங்கள் காலியாகத்தானே இருக்கும்? அதனால் ரேட்டில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் புரிந்துகொள்ளுங்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருடைய பெரிய பயம், கேங் பாதியில் ஓடிவிடுவது. நான் பில்லிங்கில் இருந்த ஒரு சைட்டில், சதுர அடிக்கு மூன்று ரூபாய் குறைவு என்று ஒருவருக்கு வெளிப்பூச்சைக் கொடுத்தார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் மாசி வரை திரும்பவில்லை. சாரம் நின்றபடியே நின்றது, வாடகை ஓடிக்கொண்டிருந்தது. பெயிண்டர், பிளம்பர், ஜன்னல்காரர் என்று பின்னால் வரவேண்டிய அத்தனை பேரும் நின்றார்கள். மிச்சப்படுத்திய மூன்று ரூபாய் சாரம் வாடகைக்கே காணாது. இப்படி ஒருமுறை அடிபட்ட ப்ராஜெக்ட் மேனேஜர் ரேட்டுக்கு முன்னால் பார்ப்பது, "இந்த ஆள் கடைசி வரை நிற்பாரா" என்பதைத்தான்.

அதற்கு உங்கள் கொட்டேஷனே பதில் சொல்லட்டும். எத்தனை பேர், எங்கிருந்து வருகிறார்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எத்தனை நாள் விடுப்பு, அந்த நாட்களில் யார் இருப்பார்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். இதை எழுதிக் கொடுக்கிறவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்புறம் வேகம். ஒரு கொத்தனாருக்கு நாளைக்கு 120 சதுர அடி என்று வைத்தால் ஆறு பேருக்கு 720. ஒரு ஃப்ளாட்டில் உள்பூச்சு 3,600 சதுர அடி என்றால் ஐந்து நாளில் ஒரு ஃப்ளாட், மாதம் 25 நாளில் ஐந்து ஃப்ளாட். (இவை உதாரணக் கணக்கு. உங்கள் ஆட்களின் உண்மையான வேகத்தைப் போடுங்கள்.) பிளானிங் இன்ஜினியர் மாதத்துக்கு எத்தனை ஃப்ளாட் முடியும் என்றுதான் யோசிப்பார், அவருடைய பாஷையிலேயே சொல்லிவிடுகிறீர்கள். கூடவே ஒரு உண்மையும் தெரிந்துவிடும்: 40 ஃப்ளாட் முழுவதையும் கேட்டால் உங்களுக்கு எட்டு மாதம் பிடிக்கும், அவ்வளவு நாள் யாரும் காத்திருக்க மாட்டார்கள். "இரண்டு மாடி கொடுங்கள், இரண்டு மாதத்தில் முடிக்கிறேன்" என்று கேளுங்கள். முழு பிளாக் கேட்கிற சின்ன கேங்கைவிட, இரண்டு மாடி கேட்கிற சின்ன கேங்குக்குத்தான் கதவு திறக்கும்.

யாரிடம் கேட்பது? நான்கு கம்பெனிக்கும் ஹெட் ஆபீஸில்தான் கொடுத்தேன் என்கிறீர்கள். ரிசப்ஷனில் கொடுத்த தாள் சைட்டுக்கு வந்து சேர்ந்து நான் பார்த்ததில்லை. சைட்டுக்குப் போங்கள், அதுவும் சரியான நேரத்தில். ஸ்லாப்பை எண்ணுங்கள். மூன்றாவது நான்காவது ஸ்லாப் போட்டு, கீழ் மாடியில் சென்ட்ரிங் பிரித்து, செங்கல் அல்லது பிளாக் வேலை ஆரம்பித்திருந்தால், பூச்சுக்கு ஆள் முடிவாகப்போகிற சமயம் அது. அஸ்திவாரத்தில் போனால் மறந்துவிடுவார்கள், பூச்சு தொடங்கியபின் போனால் லேட். எந்தக் கட்டடம் யாருடையது என்று தெரியாவிட்டால் தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) இணையதளத்தைப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீட்டுக்கு மேலோ கட்டி விற்கிற திட்டம் பதிவு செய்தாக வேண்டும். பதிவின்போது கான்ட்ராக்டர், ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் விவரங்களையும் கொடுக்க வேண்டும் என்பது 2016 ரெரா சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் தாலுக்காவில் அடுத்து எங்கே பூச்சு வரும் என்பதை வீட்டிலிருந்தே கணிக்கலாம்.

முதல் வேலைக்கு மிகப் பெரிய கம்பெனியைத் துரத்தாதீர்கள். முப்பது நாற்பது ஃப்ளாட், ஒரு பள்ளிக்கூடம், ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரி ஆபீஸ் என்று செய்கிற நடுத்தரக் கான்ட்ராக்டர்தான் உங்களுக்குத் தோது. அங்கே ப்ராஜெக்ட் மேனேஜர் சொன்னால் வேலை நடக்கும்.

பாதியில் விட்டுப்போன வேலை உங்களுக்குச் சுலபமான வாசல். "சார், ஆள் பற்றாக்குறை இருக்கிற மாடி ஏதாவது இருந்தால் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் உள்ளே போகும்முன் ஒரு காரியம். பழைய கேங் பூசியதை சைட் இன்ஜினியரோடு சேர்ந்து தட்டிப் பாருங்கள். சுத்தியலின் பின்பக்கத்தாலோ ஒரு ரூபாய் நாணயத்தாலோ தட்டினால் டொக்கு விழுந்த (சுவரில் ஒட்டாமல் உள்ளே வெற்றாக நிற்கிற) இடம் காட்டிக்கொடுத்துவிடும். சாக்பீஸால் வட்டம் போட்டு, போட்டோ எடுத்து, எது வரை அவர்கள் வேலை, எங்கிருந்து உங்கள் வேலை என்று ஜாயின்ட் மெஷர்மென்டில் (சேர்ந்து அளந்து எழுதும் தாளில்) இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இதைச் செய்யாமல் கரண்டியைத் தொட்டால் அவர்களுடைய டொக்கெல்லாம் உங்கள் தலையில் விடியும், பில்லில் டெபிட் போடுவார்கள்.

புது சைட் என்றால் ஒரு சாம்பிள் அறை பூசிக் காட்டுகிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். மூலைமட்டம் வைத்து, மட்டப்பலகை ஓட்டி அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். அந்த அறையில் பிளம்பிங் குழாய்க்கு உடைத்த இடத்தையும் கோழிவலையையும் ஒழுங்காகச் செய்திருந்தால் அதுதான் உங்கள் விசிட்டிங் கார்டு.

அளவு விஷயத்தைக் கொட்டேஷனிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் கதவு ஜன்னல் கழிப்பதை வாய்ப்பேச்சில் முடித்திருப்பீர்கள். இங்கே "ஐ.எஸ். 1200 படி அளவு" என்று ஒரு வரி எழுதுங்கள்; கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதி அது. அந்த முறைப்படி 0.5 சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புக்குக் கழிவே இல்லை. இரண்டடிக்கு இரண்டடி வென்டிலேட்டர் இதில் அடங்கும். 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும்; ஓரப்பூச்சுக்குத் தனியாகக் கிடையாது. மூன்றரைக்கு ஏழு கதவு 24.5 சதுர அடி, நாலுக்கு நாலு ஜன்னல் 16 சதுர அடி, இரண்டும் இந்த வகை. 3 சதுர மீட்டரைத் தாண்டிய பால்கனி கதவுக்கு இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சில சைட்டில் எல்லாத் திறப்புக்கும் இரண்டு பக்கமும் கழித்துவிடுவார்கள். ஒரு ஃப்ளாட்டில் ஐந்து கதவு, ஐந்து ஜன்னல் என்றால் சுமார் 200 சதுர அடி போச்சு. 25 ரூபாய்க்கு 5,000 ரூபாய். 40 ஃப்ளாட்டில் இரண்டு லட்சம். ரேட்டில் ஐம்பது பைசாவுக்கு மல்லுக்கட்டுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை.

காகிதங்கள்: பான், ஜிஎஸ்டி, உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்று, வங்கிக் கணக்கு. ஜிஎஸ்டி இல்லாதவருக்குப் பெரும்பாலும் வென்டர் கோடே (கம்பெனிக் கணக்கில் உங்கள் பெயருக்கான எண்) போட மாட்டார்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் உங்களுக்கும் அது கட்டாயம்தான். இஎஸ்ஐ பத்துப் பேரிலிருந்து, பிஎஃப் இருபது பேரிலிருந்து. நீங்கள் பதினான்கில் இருந்தாலும் பிஎஃப் கோடு கேட்பார்கள், ஏனென்றால் நீங்கள் கட்டாவிட்டால் அது கடைசியில் அவர்கள் தலையில்தான் வரும். கோடு இல்லையென்றால் அவர்கள் கணக்கில் கட்டி உங்கள் பில்லில் பிடிப்பார்கள். அது எத்தனை சதவீதம் என்று முன்னாலேயே கேட்டு ரேட்டில் ஏற்றிவிடுங்கள். ஆட்களின் ஆதார் நகல், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அதையும் ஒரே ஃபைலில் போட்டுக் கொடுங்கள். ஃபைலோடு வருகிற மேஸ்திரியை யாரும் நிற்க வைத்துப் பேசுவதில்லை.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் பணக்கணக்கை விட்டுவிடாதீர்கள், பலர் முழுகுவது இங்கேதான். பதினான்கு பேருக்குச் சராசரி 950 ரூபாய் கூலி என்றால் வாரத்துக்கு 80,000 ரூபாய் சனிக்கிழமை மாலை கையில் வேண்டும். ஒன்றாம் தேதி வேலை தொடங்கி, 25ஆம் தேதி அளந்து, அதிலிருந்து 45 நாளில் பணம் என்றால் முதல் ரூபாய் வருவதற்குப் பத்து வாரம். எட்டு லட்சம் உங்கள் பையிலிருந்து. இது இல்லையென்றால் "பதினைந்து நாளுக்கு ஒரு ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்), வாராவாரம் கூலி அட்வான்ஸ்" என்று பேசுங்கள். ரேட்டில் ஒரு ரூபாய் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் இதற்காக விட்டுக்கொடுங்கள்.

மாதப் பில் நாலரை லட்சம் என்று வைப்போம். 18 சதவீத ஜிஎஸ்டி 81,000 சேர்ந்து 5,31,000. தனிநபர் என்றால் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) ஒரு சதவீதம், 4,500. ரிட்டென்ஷன் (குறை வந்தால் சரிசெய்யப் பிடித்துவைக்கும் பணம்) ஐந்து சதவீதம், 22,500. கைக்கு 5,04,000. இதில் 81,000 உங்கள் பணமே இல்லை. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் என்றால், இன்வாய்ஸ் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்ததா இல்லையா என்று அரசு கேட்காது. அதனால் முதலில் அளவுத் தாளை மட்டும் கொடுங்கள், இன்ஜினியர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு டாக்ஸ் இன்வாய்ஸ் போடுங்கள்.

வொர்க் ஆர்டரில் "ஓனரிடமிருந்து பணம் வந்த பிறகு" என்று இருந்தால், "அல்லது 45 நாள், எது முந்தியதோ" என்று சேர்க்கச் சொல்லுங்கள். 2006 எம்எஸ்எம்இ சட்டமும் சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைத்தான் உச்சமாக வைத்திருக்கிறது. ஆனால் கட்டட ஒப்பந்த வேலைக்கு அது பொருந்துமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகள் முன்னும் பின்னுமாக இருப்பதால், சட்டத்தை நம்பி ஆர்டரில் எழுதாமல் விடாதீர்கள். ரிட்டென்ஷன் எப்போது திரும்பும் என்று மாதக்கணக்கில் எழுதி வாங்குங்கள். வீடு வாங்கியவருக்கு ஐந்து வருடம் குறை சரிசெய்து தர வேண்டிய பொறுப்பு ரெரா சட்டப்படி பில்டருக்கு. அந்த ஐந்து வருடத்தையும் அப்படியே உங்கள் மேல் இறக்கப் பார்ப்பார்கள், பன்னிரண்டு மாதத்தில் நில்லுங்கள்.

கையெழுத்துக்கு முன் சைட் வாசல் டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். சென்ட்ரிங்காரர், கம்பி கட்டுகிறவர் யாராவது வருவார்கள். "போன மாத பில் வந்துவிட்டதா அண்ணே?" என்று ஒரு கேள்வி போதும்.

கொட்டேஷன் கொடுத்து மூன்று நாள் கழித்துப் போன் செய்யும்போது "ரேட் ஓகேவா சார்?" என்று கேட்காதீர்கள், உடனே குறைக்கச் சொல்வார். "கம்பேரிட்டிவ்வில் என் பக்கம் ஏதாவது கட்டம் காலியாக இருக்கிறதா சார்?" என்று கேளுங்கள். அந்த வார்த்தை தெரிந்தவர் என்றதும் பேச்சின் தோரணையே மாறும்.

மெட்டீரியலோடு எடுப்பது இப்போது வேண்டாம். பத்து வாரக் கூலிக்கே எட்டு லட்சம் தேட வேண்டிய நிலையில் சிமெண்டையும் பி-சாண்டையும் (பூச்சுக்கான உடைகல் மணல்) நீங்கள் வாங்கிப் போட்டால் தாங்காது. மணலில் தூசி அதிகம் என்று லோடைத் திருப்பினால் அந்த நஷ்டமும் உங்களுடையது. இரண்டு வேலை முடித்து ரிட்டென்ஷனும் கைக்கு வந்த பிறகு அதைப் பற்றி எழுதுங்கள், பார்க்கலாம்.