ஆவுளியாவைக் காக்கும் ஊர்க்குழு நிதி திரட்டுவது எப்படி?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்தவன் நான். எங்கள் மீனவர்கள் சிலர், வலையில் சிக்கும் ஆவுளியாவையும் (கடற்பசு) கடலாமையையும் வலையை அறுத்து உயிருடன் விடுகிறார்கள். இதை ஒரு குழுவாகத் தொடர்ந்து செய்யவும், ஆவுளியா மேயும் கடற்புல் படுகைகளைக் கண்காணிக்கவும் பணம் வேண்டும். யாரிடம், எப்படிக் கேட்பது?

பதில்: விண்ணப்பம் எழுத உட்காரும் முன், இந்தப் பாதுகாப்புக்கு இன்று யார் செலவழிக்கிறார்கள் என்று கணக்குப் பாருங்கள். அறுபட்ட வலையின் விலை, அதைச் சரிசெய்யும் கூலி, அன்று கைவிட்டுப்போன மீன்பாடு, எரிந்த டீசல் ஆகிய அனைத்தையும் அந்த மீனவரே தன் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனவே உங்கள் நிதித் திட்டத்தின் முதல் வரி வலை இழப்பீடாக இருக்க வேண்டும். கூட்டங்களும் பதாகைகளும் அதன்பின் வரட்டும்.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. குஜராத்தில் 2004-இல் தொடங்கிய திமிங்கிலச் சுறாப் பாதுகாப்பு முயற்சியில், வலையை அறுத்துச் சுறாவை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை இழப்பீடு வழங்கியது. டாடா கெமிக்கல்ஸ் நிறுவனம் அம்முயற்சிக்கு நிதியுதவி செய்தது. மகாராஷ்டிர அரசு, பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினத்தை விடுவிப்பவருக்கு ரூ.25,000 வரை வலை இழப்பீடு தரும் திட்டத்தை 2018 டிசம்பரில் கொண்டுவந்தது. இரண்டு இடங்களிலும் மீனவர் எடுத்த புகைப்படமே முக்கியச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

ஆகவே உங்கள் ஊரிலும் இன்றே ஒரு பதிவேட்டைத் தொடங்குங்கள். தேதி, நேரம், கைப்பேசி காட்டும் இடக்குறிப்பு, எந்த வகை வலை, எத்தனை மீட்டர் அறுக்கப்பட்டது, விலங்கு எந்த நிலையில் நீந்திச் சென்றது ஆகியவை அதில் இருக்கட்டும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஆவுளியா நுரையீரலால் மூச்சுவிடும் பாலூட்டி என்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வர முடியாவிட்டால் வலைக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்துவிடும். படகில் ஒருவர் படம் எடுக்க, மற்றவர்கள் வலையை அறுக்க வேண்டும். படத்துக்காக அறுப்பதை ஒரு நொடியும் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து அரசுவழி. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 36பி பிரிவின்படி, இத்தகைய பாதுகாப்பகத்தின் மேலாண்மைக் குழுவில், அது அமைந்துள்ள ஒவ்வொரு ஊராட்சியின் பிரதிநிதிக்கும் இடமுண்டு. உங்கள் ஊராட்சியின் சார்பில் யார் என்று வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். உங்கள் பதிவேட்டின் நகலோடு வலை இழப்பீட்டுக் கோரிக்கையையும் அவர்வழி குழுவின் முன் வையுங்கள். விலங்கை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை ரொக்கப் பரிசு தந்திருக்கிறது. பரிசு பாராட்டத்தக்கதே, ஆனால் இழப்பீடு ஓர் உரிமையாக, விதியாக, முன்கூட்டியே தெரிந்த தொகையாக இருந்தால்தான் நடுக்கடலில் கத்தியை எடுப்பவருக்குத் தயக்கம் இருக்காது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பலருடைய கண்ணில் முதலில் படுவது. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு அதற்கு வழிசெய்கிறது என்றாலும், அந்தப் பணத்தை நேரடியாகப் பெறும் பதிவுபெற்ற பொது அறக்கட்டளையோ சங்கமோ வருமான வரிச் சட்டத்தின்கீழ் வரிவிலக்குப் பதிவையும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவையும் (12ஏ, 80ஜி என்று அறியப்படுபவை), நிறுவன விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவையும், ஒத்த பணிகளில் குறைந்தது மூன்றாண்டு அனுபவத்தையும் பெற்றிருக்க வேண்டும். புதிய குழுவால் இது உடனே ஆகாது. ஏற்கெனவே பதிவுபெற்ற, கடலோரத்தில் வேலை செய்யும் அமைப்பு ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, அதன் திட்டத்தின் ஒரு பகுதியாக உங்கள் பணியை நடத்துவதே நடைமுறைக்கு ஏற்றது. வெளிநாட்டு நன்கொடைக்கு இந்த வழியும் அடைபட்டுள்ளது: வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அவ்வாறு பெற்ற பணத்தை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது.

அந்த முதல் மூன்றாண்டுகளுக்கு ஊர்ப் பணமே கைகொடுக்கும். மீன் ஏலத்தில் கோயிலுக்கும் ஊர்ப் பொதுவுக்கும் மகமை பிடிக்கும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால், அதில் ஒரு சிறு பங்கை வலை நிதிக்கு ஒதுக்க ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் மீனவர்களே பணம் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு நிகரான பரிந்துரைக் கடிதம் வேறில்லை. கணக்கை மாதந்தோறும் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள். கையெழுத்திடும் மூவரில் ஒருவர் மீன் விற்கும் பெண்களில் ஒருவராக இருக்கட்டும்.

கடற்புல் வேலைக்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைந்த பொருட்செலவே ஆகும். பாக் விரிகுடாவில் ஓம்கார் அறக்கட்டளை, மூங்கில் சட்டகத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் கடற்புல் தண்டுகளைப் பொருத்திக் கடலடியில் நட்டிருக்கிறது. செலவு பெரும்பாலும் படகுக்கும் முக்குளிப்பவரின் கூலிக்கும்தான். இறாலும் நண்டும் வளரும் இடம் அது என்பதால், இப்பணிக்கு மீன்வளத் துறையிடமும் உதவி கேட்கலாம்.

சுற்றுலா வருமானத்தைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் பொறுத்திருங்கள். மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்து வேளாஸ் கிராமம், ஆமைக்குஞ்சுகள் கடலுக்குப் போவதைக் காண வருபவர்களுக்குத் தங்கள் வீடுகளில் இடம் கொடுத்து வருமானம் காண்கிறது. கரையில் நின்று பார்க்கும் காட்சி அது. ஆவுளியாவைத் தேடி விசைப்படகுகள் கடற்புல் படுகைக்குள் போனால், படகு மோதியே அது சாக நேரும்.

கடைசியாக, எந்த நன்கொடை ஒப்பந்தத்திலும் வலை இழப்பீட்டுத் தொகையை முன்பணமாகக் கேட்டு வாங்குங்கள். செலவுச் சீட்டைக் காட்டியபின் பணம் தருகிறோம் என்றால், அந்தத் தலைப்புக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வலை இழந்தவர் அடுத்த வாரமே கடலுக்குப் போயாக வேண்டும்.