வாடகைக்குள் அடங்கிய வசதிக்குத் தனிக் கட்டணம் கேட்டால்...

வேளச்சேரி வாசகர் ஒருவரின் கேள்வி: "மாதம் 14,000 ரூபாய் வாடகையில் இரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். லிப்ட், பைக் நிறுத்தும் இடம், மோட்டார் தண்ணீர் எல்லாம் வாடகைக்குள் அடக்கம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அது முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கும்போது, இவற்றுக்கு மாதம் 1,800 ரூபாய் தனியாகத் தரவேண்டும், இல்லையென்றால் தண்ணீரை நிறுத்திவிடுவேன் என்கிறார் வீட்டு உரிமையாளர். புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்கிறார் தரகர். என்ன செய்வது?"

கையெழுத்திட வேண்டாம், வாடகையையும் நிறுத்த வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தக் காலத்தில் வாடகையை அந்த ஒப்பந்தம் சொல்லும் விதத்தில்தான் உயர்த்த முடியும். 'மெயின்டனன்ஸ்' என்று வேறு பெயர் சூட்டினாலும் அது வாடகை உயர்வுதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்வதால் சற்று விளக்கவேண்டியிருக்கிறது. உரிமையாளர் வீட்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்து மேம்படுத்தி, வேலை தொடங்கும் முன்பே உங்களிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெற்றிருந்தால், ஒப்புக்கொண்ட அளவுக்கு வாடகையைக் கூட்டலாம். முன்பு இல்லாத அலமாரிகளை உங்கள் சம்மதத்துடன் அமைத்துக் கொடுத்தால் அது மேம்பாடு. துருப்பிடித்த குழாயை மாற்றுவதும் பழைய வயரிங்கைப் புதுப்பிப்பதும் பழுதுபார்ப்பு. அந்தப் பொறுப்பைச் சட்டம் உரிமையாளரிடமே விட்டிருக்கிறது. வேலை முடிந்த பிறகு "செலவாகிவிட்டது, பங்கு கொடுங்கள்" என்று கேட்பது இந்த விலக்கில் வராது. உங்கள் வீட்டில் புதிதாக எதுவுமே சேர்க்கப்படவில்லை.

தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய சேவைகளை நிறுத்துவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. நிறுத்தினால் அன்றைக்கே படம் எடுத்து, தேதியிட்டு, வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வருவாய்த் துறை அதிகாரி) மனுக் கொடுங்கள். சேவையை உடனே திரும்பக் கொடுக்குமாறு இடைக்கால உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பட்டா, தேர்தல், நிவாரணம் என்று தலைக்கு மேல் வேலை உள்ள வருவாய்த் துறை அதிகாரியிடமே இந்தப் பொறுப்பையும் சுமத்திவிட்டு, விரைவான நீதி என்று அரசு சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் வராத குடும்பம் அடுத்த விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்க முடியுமா?

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோரைச் சிக்கவைத்தது தரகர் நீட்டிய அச்சடித்த பதினொரு மாத ஒப்பந்தம்தான். "உரிமையாளர் அவ்வப்போது நிர்ணயிக்கும் இதர கட்டணங்கள்" என்ற ஒரு வரி அதில் எங்காவது ஒளிந்திருக்கும். கையெழுத்திட்டால் கூடுதல் கட்டணத்துக்கு எதிராக இன்று உங்களுக்குள்ள பாதுகாப்பு அந்த வரியிலேயே போய்விடும். பதினொரு மாதத்துக்குப் பதிவு தேவையில்லை என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். காலம் எவ்வளவானாலும் வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். புதிய ஒப்பந்தம் எழுதினால் தரகருக்கு மறுபடியும் கமிஷன் கிடைக்கும். அவருடைய அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

14,000 ரூபாயை வழக்கமான தேதியில் வங்கி வழியாகவே அனுப்புங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்தி இரண்டு மாதப் பாக்கி விழுந்தால், உங்களை வெளியேற்றக் கேட்பதற்கு நீங்களே உரிமையாளருக்குக் காரணம் கொடுத்தவராவீர்கள். அவர் தொடர்ந்து வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழியுண்டு. கூடுதல் கட்டணத்தை ஏற்கவில்லை என்று உரிமையாளருக்கு இரண்டே வரியில் எழுதி, ஒப்படைத்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் ஸ்பீட் போஸ்ட்டில் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.