செவிலியர் சம்பளத்துக்கு யார் பணம் தருவார்கள்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். உசிலம்பட்டியைச் சுற்றிப் பன்னிரண்டு கிராமங்களில், ஒரு சிறிய அறக்கட்டளை மூலம் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பரிசோதித்து வருகிறோம். யாருக்கு எப்போது கால் மரத்துப்போகிறது என்பதை ஒரு மருத்துவப் பேராசிரியரோடு சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகப் பதிவும் செய்கிறோம். பணம் தந்துவந்த சென்னைப் புரவலர் மார்ச் மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார். இரண்டு செவிலியரின் சம்பளம், வண்டி, மருந்து எல்லாம் சேர்ந்து மாதம் 62,000 ரூபாய் ஆகிறது. சத்துமாவு விற்கும் ஒரு நிறுவனம் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொல்கிறது. ஆனால் அவர்கள் மாவைக் கொடுத்துப் பலனை எழுத வேண்டுமாம். முடிவை அவர்கள் பார்த்துச் சம்மதித்த பிறகே வெளியிட வேண்டுமாம். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி மகன் இரண்டு லட்சம் தருகிறேன் என்கிறான். எதை ஏற்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உசிலம்பட்டி

பதில்: அம்மா, சத்துமாவுப் பணம் வேண்டாம். கால் மரத்தவருக்கு முள் தைத்தது கூடத் தெரியாது. அப்படிப்பட்டவர் உங்களை நம்பித்தான் காலை நீட்டுகிறார். அவரைப் பற்றிய உண்மையை வெளியிடலாமா கூடாதா என்று மாவு விற்பவர் தீர்மானித்தால், இரண்டு ஆண்டு உழைப்பும் விளம்பரத் தாளாகிவிடும். நிறுவனப் பணம் என்றாலே தீட்டு என்று நான் சொல்லவில்லை. கேள்வியிலும் கணக்கிலும் வெளியீட்டிலும் தலையிட மாட்டோம் என்று எழுதித் தந்து, பேராசிரியரின் கல்லூரியில் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் அதை ஏற்று, யார் பணம் என்பது அறிக்கையிலேயே அச்சாகுமானால் தாராளமாக வாங்கலாம். இவர்கள் அப்படி எழுதித் தரமாட்டார்கள் என்பது நிபந்தனையிலேயே தெரிகிறது.

அடுத்து அந்த 62,000. இன்னொரு பெரிய புரவலரைத் தேடி அலையாதீர்கள். அவரும் ஒருநாள் நிறுத்துவார். ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு குணம் உண்டு. எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி கட்டடம் கட்டும், கருவி வாங்கும், சம்பளம் தராது. நன்கொடையாளர்களுக்கும் பெயர் பொறித்த கருவி என்றால்தான் மனம் வரும். நான் முன்பு பணியாற்றிய ஓர் அறக்கட்டளைக்கு அழகான ஸ்கேன் இயந்திரம் வந்தது. அதை இயக்கும் பெண்ணுக்குச் சம்பளம் தர வழியில்லாமல் இரண்டு ஆண்டுகள் வெள்ளைத்துணி போர்த்திக் கிடந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் வயிறு எரியும். உங்களுக்குக் கருவி பெரிதாகத் தேவையில்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று போதும், கால் மரத்திருக்கிறதா என்று பார்க்க. அந்த இழையைப் பிடிக்கும் கைக்குத்தான் சம்பளம் வேண்டும்.

அந்தச் சம்பளத்தை உள்ளூர்தான் தர முடியும். நம் பக்கத்து வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலையை வீடுவீடாகச் சேர்ந்த பிடி அரிசியும் தாங்கியது. முன்னூறு கடைகளும் வீடுகளும் மாதம் நூறு ரூபாய் தந்தால் 30,000 ரூபாய், உங்கள் செலவில் ஏறக்குறைய பாதி. முன்னூறு பேரில் இருபது பேர் நின்றாலும் வேலை நிற்காது. மொய் நோட்டைத் தலைமுறை தாண்டிப் பத்திரப்படுத்தும் ஊர் உங்கள் ஊர். கணக்குச் சரியாக இருந்தால் கொடுக்கத் தயங்காது. எனவே மாதாமாதம் வரவு செலவை எழுதி, ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் ஒட்டுங்கள். நன்கொடை தருபவருக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிச்சலுகையைச் சொல்லிக் கேட்பதால் அதிகப் பயனில்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது, பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் செல்லாது. வரியைச் சொல்லாமல் காலைச் சொல்லிக் கேளுங்கள். விரலை இழந்த ஒருவர் சம்மதித்து உடன் வந்தால் அவரே பேசட்டும்.

கட்டணம் வாங்கக் கூச்சப்படுவீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கொடுக்க முடிந்தவர் கொடுத்த கட்டணத்தில் முடியாதவருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது, இன்றும் நடக்கிறது. உசிலம்பட்டி டவுனில் வாரம் ஒருநாள் கட்டணப் பரிசோதனை வையுங்கள். ஆசிரியர்களும் கடைக்காரர்களும் ஐம்பது, நூறு தருவார்கள். கிராமத்தில் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம்.

மருந்துச் செலவை எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் நீங்கள் சுமக்கிறீர்கள்? 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்தஅழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் நோயாளிகளின் பெயர்ப் பட்டியலைச் சுகாதார நிலைய மருத்துவரிடம் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆய்வுக்குத் தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். எம்.டி. படிக்கும் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். சமூக மருத்துவ மாணவர் ஒருவருக்கு உங்கள் பன்னிரண்டு கிராமங்களும் இரண்டு ஆண்டுப் பதிவும் பெரிய சொத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு விண்ணப்பிப்பதென்றால் பேராசிரியரே முதன்மை ஆய்வாளராக இருக்கட்டும். எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கென்று அக்கழகம் நடத்தும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகையையும் அவரிடம் நினைவூட்டுங்கள்.

ஓராண்டுக் கணக்கு கையில் வந்ததும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேளுங்கள். நிகர லாபம் ஐந்து கோடியைத் தொட்ட நிறுவனம் கடந்த மூன்று ஆண்டு லாபச் சராசரியில் இரண்டு சதவீதத்தைச் செலவிட வேண்டும், தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம். பெரிய பெயர்களை விட்டுவிட்டு, மதுரையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளையும் ரப்பர் ஆலைகளையும் பாருங்கள். அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்குத் தரும் 12ஏ பதிவும், 80ஜி பதிவும், இந்த நிதியைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும் மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். இப்போதே ஆடிட்டரிடம் சொல்லி வையுங்கள்.

தம்பி மகன் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்? இந்தியக் குடிமகனாகவே இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. சிங்கப்பூர் குடியுரிமை பெற்றிருந்தால், அவர் உங்கள் ரத்த உறவாகவே இருந்தாலும் அறக்கட்டளைக்கு அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான மத்திய அரசுப் பதிவோ முன் அனுமதியோ உங்களிடம் இல்லையென்றால் வாங்குவது குற்றம். இன்றைக்கே போன் செய்து கேளுங்கள். பதில் தெரியும் வரை அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு எண்ணை அவருக்கு அனுப்பாதீர்கள்.