வளர்பிறையும் மெழுகும்

வணக்கம் சார்,

என் மகள் அறிவியல் பாடத்தில் ‘வாக்சிங் மூன்’ என்று வருகிறதே, அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். வாக்ஸ் என்றால் மெழுகு, மெழுகுவத்தி உருகுகிற மாதிரி நிலா நாளுக்கு நாள் கரைவதைச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். மறுநாள் பள்ளியிலிருந்து வந்து, “அப்பா, அது வளர்பிறையாம்” என்றாள். நான் சொன்னதற்கு நேர் எதிர். அகராதியில் பார்த்தால் மெழுகு, வளர் இரண்டும் இருக்கின்றன. ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு அர்த்தம்? ‘என் பையன் நன்றாக வளர்ந்துவிட்டான்’ என்பதற்கும் இந்தச் சொல்லைப் போடலாமா? ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு தலைவர் ‘வாக்ஸ்ட் எலக்வென்ட்’ என்று படித்தேன். அதிலும் இதே வாக்ஸ்தானா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒன்று. அது ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இல்லை. ஒலியில் ஒன்றாகிவிட்ட இரண்டு சொற்கள். ஓடுகிற ஆறும் எண்ணிக்கை ஆறும் நமக்கு இருக்கின்றன இல்லையா, அது மாதிரி. பழைய ஆங்கிலத்தில் மெழுகு ‘வெயாக்ஸ்’, வளர்வது ‘வெயாக்ஸன்’. அப்போதே பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. ஜெர்மனில் இன்றைக்கும் மெழுகு ‘வாக்ஸ்’, வளர்வது ‘வாக்ஸன்’. நீங்கள் தடுக்கிய இடம் பழைய இடம்தான்.

ஜெர்மன்காரர்களுக்கு அது வீட்டில் புழங்கும் சொல். பிள்ளை வளர்ந்தாலும் மரம் வளர்ந்தாலும் கடன் வளர்ந்தாலும் அதையேதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இன்று எல்லா வளர்ச்சிக்கும் சொல்கிற ‘க்ரோ’ அப்போது பெரும்பாலும் செடிகொடிகளுக்கான சொல், துளிர்ப்பது, தழைப்பது என்ற பொருளில். பச்சையைக் குறிக்கும் ‘க்ரீன்’, புல்லைக் குறிக்கும் ‘கிராஸ்’ இரண்டும் அதற்கு உறவு. அந்தப் புல்வெளிச் சொல் மெல்ல மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் பரவி, வாக்ஸின் இடத்தை எடுத்துக்கொண்டது.

இரண்டும் ஒரே வரியில் நிற்பதை 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் பார்க்கலாம். லூக்கா முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் குழந்தை வளர்ந்தது என்பதற்கு ‘க்ரூ’. ஆவியில் பலம் பெற்றது என்பதற்கு ‘வாக்ஸ்ட் ஸ்ட்ராங்’. தமிழ் பைபிளில் ‘பிள்ளை வளர்ந்து, ஆவியிலே பெலன்கொண்டு’ என்று இருக்கிறது. கவனியுங்கள், உடம்பு வளர்வதற்கு க்ரோ வந்துவிட்டது. வாக்ஸ் அங்கே ‘ஆகு’, ‘கொள்’ என்ற வேலையைச் செய்கிறது.

உங்கள் தலைவருக்கு நடந்ததும் அதுதான். ‘எலக்வென்ட்’ என்பது நாவன்மை உள்ள நிலை. அவர் அந்த நிலைக்கு ஏறினார், அவ்வளவுதான். வாக்ஸ் என்பதற்குப் பேசு என்ற பொருளே கிடையாது. ஆனால் பேச்சோடு சேர்ந்தே வருவதால் பலர் அப்படி எடுத்துக்கொண்டு, பின்னால் வரும் பெயரடையை வினையடையாக்கி ‘எலக்வென்ட்லி’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘அழகாக ஆனாள்’ என்பதைப் போன்ற அமைப்பு அது. ‘அழகாகப் பேசினாள்’ என்பதைப் போன்றது இல்லை. தமிழில் சொல்ல வேண்டுமென்றால் நான் ‘பேசப் பேச அவருக்குப் பேச்சு களைகட்டியது’ என்று எழுதுவேன். ‘சொல்வன்மையுடன் பேசினார்’ என்றால் அந்த ஏற்றம் போய்விடுகிறது.

இந்தச் சொல்லின் சொந்தக்காரர்களைத் தேடிப் போனால் எனக்கு நேரம் போவதே தெரியாது. கிரேக்கத்தில் வளர்வதற்கான ‘ஆக்ஸெயின்’ இதே வேரிலிருந்து வந்தது. அதிலிருந்து பயிர்களின் வளர்ச்சி ஹார்மோனுக்கு ‘ஆக்சின்’ என்று பெயர் வைத்தார்கள். விவசாயம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். லத்தீனில் பெருக்குவதற்கு ‘ஆவ்கெரே’. அதிலிருந்து வந்தது ‘ஆக்‌ஷன்’, நம் ஏலம். விலை வளர்ந்துகொண்டே போவதால் அந்தப் பெயர். ஏலக்கடையும் நிலாவும் செடியின் நுனியும் ஒரே வேரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்த நாளில் நான் அகராதியை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, உங்கள் பையன் விஷயம். இன்றைய ஆங்கிலத்தில் பையன் வாக்ஸ் ஆக மாட்டான், க்ரோ மட்டும்தான். வாக்ஸ் இன்று நிலாவோடு இருக்கிறது, ‘வாக்ஸ் எலக்வென்ட்’, ‘வாக்ஸ் லிரிக்கல்’ போன்ற சில தொடர்களில் இருக்கிறது, அப்புறம் ‘வெய்ன்’ என்ற ஜோடியோடு இருக்கிறது. வெய்ன் என்றால் தேய்வது.

மகளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுங்கள். வளர்கிற வாக்ஸ் தன்வினை மட்டும்தான், செயப்படுபொருள் ஏற்காது. நிலா தானாக வளர்கிறது, அதை யாரும் வளர்ப்பதில்லை. காரை வாக்ஸ் செய்தார்கள், தரையை வாக்ஸ் செய்தார்கள் என்று எதையாவது செய்ததாக வந்தால் அது மெழுகு. நமக்கு வளர்ந்தது, வளர்த்தது என்று வடிவமே பிரித்துக் காட்டிவிடுகிறது. க்ரோவுக்கு அந்த வசதி இல்லை, இரண்டுக்கும் ஒரே வடிவம். 1992 அமெரிக்கத் தேர்தலில் கிளின்டன் தரப்பு பொருளாதாரத்தை ‘க்ரோ’ செய்வோம் என்று சொன்னபோது, நெல்லையும் தாடியையும்தான் அப்படிச் சொல்லலாம், பொருளாதாரத்தைச் சொல்லலாமா என்று இலக்கணம் பார்ப்பவர்கள் சண்டைக்கு வந்தார்கள். இன்று கம்பெனிகள் எல்லாம் அப்படித்தான் எழுதுகின்றன.

வளர்பிறை என்ற நம் சொல்லையும் அவளுக்குப் பிரித்துக் காட்டுங்கள். அது வினைத்தொகை. வளர்ந்த பிறை, வளர்கின்ற பிறை, வளரும் பிறை மூன்றும் அதற்குள் இருக்கின்றன. ‘வாக்சிங்’ என்பதில் வளர்ந்துகொண்டிருக்கிற பிறை மட்டும்தான் இருக்கிறது. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் சாயங்காலம், சூரியன் இறங்கியதும் மேற்கே இருவரும் சேர்ந்து பாருங்கள். மெல்லிசாக ஒரு கீற்று தெரியும்.